சீட்டில் ஏறாத ஊசி

சான் ரெமிஹியோவில் எடெல்மிராவுக்குக் கைராசிக்காரி என்று பெயர். அவள் ஊசி போடுவதே தெரியாது, பஞ்சை வைத்துத் தேய்க்கும்போதுதான் முடிந்துவிட்டது என்று தெரியும் என்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தால், வாசலில் நாலு பேராவது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். சத்து ஊசி, காய்ச்சல் ஊசி, முதுகுவலி ஊசி என்று மருந்துக் கடையில் எதை வாங்கினாலும் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்தவளின் மகள். பன்னிரண்டு வயது வரை காலில் செருப்பு கிடையாது. அப்படிப்பட்டவள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு முப்பது வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் நிமிர்ந்து நடந்தாள் என்றால், அந்த நடையில் கொஞ்சம் மிடுக்கு இருக்கத்தான் செய்யும். அவளைப் பற்றிச் சொல்ல வந்தது அந்த மிடுக்கை அல்ல. அது எங்கே போயிற்று என்பதைத்தான்.

வியாழக்கிழமைகளில் சாந்தோஸ் வருவாள். மலைச்சரிவில் இருக்கிற குடிசைப் பகுதியிலிருந்து கூடையோடு இறங்கி, சந்தையில் மக்காச்சோளக் கொழுக்கட்டை விற்றுவிட்டு, சாயங்காலம் எடெல்மிராவிடம் சத்து ஊசி போட்டுக்கொண்டு போகிறவள். ஒல்லியான பெண், வாய் மட்டும் பெரிசு. ஊசிக்குக் காசு கொடுத்தால் எடெல்மிரா வாங்க மாட்டாள் என்பதால் இலையில் சுற்றிய இரண்டு கொழுக்கட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் எடெல்மிராவின் புருஷன் ருஃபினோ அதை எடுத்துத் தின்பான். எடெல்மிரா மட்டும் இத்தனை வருஷத்தில் அதில் ஒரு விள்ளல்கூட வாயில் வைத்ததில்லை. கேட்டால், மக்காச்சோளம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். மக்காச்சோளம் ஒத்துக்கொள்ளாத வயிறு எங்கள் எல் சால்வடோரில் உண்டா என்று ருஃபினோ சிரிப்பான்.

சாந்தோஸின் மகள் நோயெமி தலைநகருக்குப் பக்கத்தில் பெண்கள் சிறையில் இருந்தாள். முப்பது வருஷத் தண்டனை. பெற்ற பிள்ளையைக் கொன்றாள் என்று.

அது நடந்தது ஒரு ஜூன் மாதம், மழைக்காலத்தின் ஆரம்பத்தில். நோயெமிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊருக்குள் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். வயிற்றில் எட்டு மாதம். பிள்ளையைக் கொடுத்தவன் வடக்கே அமெரிக்காவுக்குப் போய்விட்டான். இறுக்கமான பாவாடையும் தளர்ந்த சட்டையுமாக வயிறு வெளியே தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. வயிறு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொல்லையில் இருந்த குழிக் கக்கூசுக்குப் போனாள். அங்கேயே பிள்ளை விழுந்துவிட்டது. இவளும் அங்கேயே மயங்கிச் சரிந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பாயில் சுருட்டி, காய்கறி வண்டியின் பின்னால் போட்டு, இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இறக்கும்போதே மயக்கம் தெளிந்துவிட்டது. அன்றைக்கு வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் குரல் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை என்பது வேறு விஷயம். பிள்ளையை எடுத்து வாருங்கள், பிள்ளை கீழே கிடக்கிறது என்று அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கால் வழியாக ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடியை எடுக்க வேண்டும், கிழிந்த இடத்தைத் தைக்க வேண்டும். டாக்டர் சலமான்கா இரண்டு தடவை கையுறையைப் போட்டுக் கழற்றினார். இப்படித் துள்ளினால் நான் எங்கே தைப்பது என்று எரிந்து விழுந்தார்.

டாக்டருக்கு எரிச்சல் மட்டும் அல்ல, பயமும்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, எல்லா டாக்டர்களையும் நர்சுகளையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசியிருந்தார். வயிற்றுப் பிள்ளை விஷயத்தில் சந்தேகமாக எது வந்தாலும் உடனே போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும், மறைக்கிறவர் கூட்டுக் குற்றவாளி, வேலை போகும், உள்ளேயும் போக வேண்டியிருக்கும் என்றார். சந்தேகம் என்றால் என்ன என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து கரு கலைந்து ரத்தத்தோடு ஒரு பெண் வந்தால், ஆஸ்பத்திரியில் முதலில் தேடியது போனைத்தான். மேஜையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் போடுவது என்று வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு மேஜையில் இருந்தவள் எடெல்மிரா. டாக்டர் தலையை அசைத்தார், இவள் போட்டாள்.

அவள் மனசில் கோபமும் இருந்தது. அதை மறைப்பதற்கு இல்லை. போய் அந்தக் குழியிலா போடுவாள் ஒருத்தி, நாய்கூடச் செய்யாது என்று போனை வைக்கும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். குழியில் போடவில்லை, விழுந்தது என்று கட்டிலில் கிடந்தவள் கத்திக்கொண்டிருந்ததை அவள் காது வாங்கியது. மனசு வாங்கவில்லை.

அப்புறம்தான் டின்னைத் திறந்தாள்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது காலியான பால் பவுடர் டின். பிரசவ வார்டில் துணி அலமாரியின் அடித்தட்டில், விரிப்புகளுக்குப் பின்னால் இருக்கும். ஆஸ்பத்திரியில் மருந்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒரு நோயாளியின் பேருக்கு வாங்கின ஊசி மருந்தை அவளுக்குப் போடாமல் விட்டால், அதை மருந்தறையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். திருப்பிக் கொடுத்தால் நாளைக்குக் கேட்கும்போது இல்லை என்று கையை விரிப்பார்கள் என்பது அனுபவம். அதனால் இறந்துபோனவளுக்கு வாங்கினது, டாக்டர் மனசு மாறி வேண்டாம் என்றது, எல்லாம் டின்னுக்குள் போகும். அவசரத்துக்கு எடுப்பார்கள். டின்னிலிருந்து எடுத்ததை நோயாளியின் சீட்டில் எழுதக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. எழுதினால் மருந்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும், எட்டு நர்சுகளின் வேலையும் போகும். அந்த டின் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. புது நர்ஸ் வேலைக்கு வந்தால் முதல் வாரமே டின்னைக் காட்டிக் கொடுப்பார்கள்.

எடெல்மிரா டின்னிலிருந்து ஒரு தூக்க ஊசியை எடுத்து உடைத்து நோயெமிக்குப் போட்டாள். வலி தெரியாத கையால் போட்டாள். போட்டுவிட்டு, அவள் கண் செருகுகிற வரை தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். வார்டு அமைதியானது. டாக்டர் தைத்தார். எடெல்மிரா சீட்டில் ரத்தக் கசிவு, நாடித் துடிப்பு, ஏற்றின சலைன் பாட்டில் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினாள். ஊசியை எழுதவில்லை.

மூன்றரை மணிக்குப் போலீஸ் வந்தது. நோயெமியின் ஒரு கையைக் கட்டில் கம்பியோடு விலங்கு மாட்டினார்கள். அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் மெதுவாகப் பதில் சொன்னாள். ஆமாம், எட்டு மாதம். ஆமாம், கக்கூசில்தான். ஆமாம், தூக்கவில்லை. பிள்ளை செத்துவிட்டது, குழியிலிருந்து எடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னபோதும் அவள் கண் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று அந்த அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டதை எடெல்மிரா பார்த்தாள். அது ஊசியின் வேலை என்று சொல்ல வாயைத் திறந்தாள். எந்த ஊசி என்று அவர் கேட்பார். வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது மாதம் கழித்துக் கோர்ட்டில் கேட்டார்கள். தேய்த்த வெள்ளை உடுப்போடு போய் நின்றாள். பிள்ளை மூச்சு விட்டுப் பிறந்ததா, பிறக்கும்போதே இறந்திருந்ததா என்பது பரிசோதனையில் உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே தாயின் மனசு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றார் அரசு வக்கீல். மனசை எப்படிப் பார்ப்பது? நர்சைக் கூப்பிட்டுக் கேட்பது.

"போலீஸ் கேள்வி கேட்டப்போ அந்தப் பொண்ணு அழுதாளா?"

"இல்ல."

"புள்ளையப் பத்தி எதாவது கேட்டாளா?"

"அப்போ கேக்கல."

"நல்லா நிதானமாப் பேசினாளா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னா."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அவளும் கேட்டதற்கு மட்டும் சொன்னாள். அதற்கு முன்னால் அழுதாளா என்று நோயெமிக்குக் கிடைத்த இலவச வக்கீல் கேட்டிருக்கலாம். அவர் அன்றைக்குத்தான் வழக்குக் கட்டைப் பிரித்தார். பிள்ளை இறந்த செய்தி கேட்டும் கல்லாக இருந்தாள், இது தாயின் மனசு அல்ல என்று தீர்ப்பில் எழுதி முப்பது வருஷம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகம் அந்த வருஷம் எடெல்மிராவுக்குப் பொறுப்பான பணிக்கு என்று ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. ருஃபினோ அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டினான். ஒரு மாதத்துக்குள் அவள் அதைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். சுவர் ஈரம் என்று சொன்னாள்.

சாந்தோஸை அன்று கோர்ட் அறைக்கு வெளியே, வராந்தாவிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே நடந்தது அவளுக்கு மகள் சொல்லித்தான் தெரியும். மகளோ முதல் தடவை சிறையில் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா மட்டும் என் தலையைத் தடவிக் கொடுத்தாங்கம்மா. அடுத்த வியாழக்கிழமை சாந்தோஸ் விசாரித்துக்கொண்டு எடெல்மிராவின் வாசலுக்கு வந்துவிட்டாள், இரண்டு கொழுக்கட்டையோடு. எம்மகளுக்கு நீங்க ஒருத்திதான் மனுஷியா நடந்துக்கிட்டீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக் கையைச் சுருட்டுங்கள், சத்து ஊசி போடுகிறேன் என்றாள் எடெல்மிரா, வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்.

பிறகு வாரா வாரம் அதே கதை. ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் சாந்தோஸ் சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னிக்குப் போலீசுக்கு எந்தக் கை போன் போட்டுச்சோ, அந்தக் கை அழுகி விழணும் நர்சம்மா. அந்த டாக்டராத்தான் இருக்கும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." அன்றைக்குத்தான் முதல் தடவையாக எடெல்மிராவின் ஊசி நரம்பில் பட்டு, சாந்தோஸின் கை நீலமாகக் கன்றிப்போனது. கைராசிக்காரிக்கும் தவறுமா என்று சாந்தோஸ் கேலி செய்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு எடெல்மிரா உள்ளே போய் ரொம்ப நேரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஊர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பாள். ஆனால் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் ரொம்பத் தாமதமாக, உதடு வெளுத்து வந்தார்கள். ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டால் போனைப் பார்ப்பார்கள். ஒருத்தி வீட்டுக்குள்ளேயே ரத்தம் போய் இறந்தாள், அவள் கட்டிலுக்கு அடியில் பஸ்ஸுக்குக் கட்டிய துணி மூட்டை இருந்தது, பக்கத்து மாகாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வைத்திருந்தாளாம். அந்தச் சாவுக்கு எடெல்மிரா போகவில்லை. போகிற முகம் இல்லை.

பதினோராவது வருஷம் தலைநகரிலிருந்து இவோன் என்று ஒரு வக்கீல் பெண் வந்தாள். நோயெமி மாதிரிப் பெண்களின் வழக்குகளை மறுபடி திறக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். எடெல்மிராவின் வீட்டில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, தீர்ப்பின் நகலை விரித்து, கல்லாக இருந்தாள் என்ற வரியில் விரலை வைத்தாள். அவ்வளவு ரத்தம் போனவள் கல்லாகத்தான் இருப்பாள் என்று ஒரு டாக்டர் எழுதித் தந்திருக்கிறார், ஆனால் அது போதாது, அன்று நேரில் பார்த்தவர் யாராவது வேண்டும் என்றாள். உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். எத்தனையோ பிரசவம் பார்க்கிறோம், ஒவ்வொன்றும் எங்கே ஞாபகம் இருக்கும் என்று சொல்லிவிட்டு எடெல்மிரா தம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே நின்றுகொண்டு தன் பொய்யைத் தானே கேட்டாள். நோயெமி விஷயத்தில், பதினோரு வருஷத்தில், அவளைக் கேட்டவரிடம் வாய்விட்டுச் சொன்ன முதல் பொய் அதுதான். அதுவரை சும்மா இருந்ததோடு சரி என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டிருந்தாள். இனி அதுவும் முடியாது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை சாந்தோஸ் ஒரு கடிதத்தோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வழக்கமாகப் படித்துச் சொல்கிற பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாள். வக்கீலம்மா மனுவில் கையெழுத்து வாங்கப் போனாங்களாம், என்ன ஆச்சுன்னு படிங்க நர்சம்மா என்றாள். எடெல்மிரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தாள். பென்சிலில் எழுதியிருந்தது.

"அம்மா, நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். எம்மேல கோவப்படாத. கோர்ட்ல அந்த நர்சம்மா பொய் சொல்லல. அவங்க தலையத் தடவினது மட்டும்தான் அன்னிக்கு நடந்ததுல எனக்கு ஞாபகம் இருக்கு. அவ்வளவு நல்லவங்களே நான் அழலன்னு சொன்னா, நான் அழலதான். பெத்த புள்ள செத்துக் கெடக்கும்போது அழாதவ என்ன மனுஷி. பதினோரு வருஷமா இதத்தான் யோசிக்கிறேன். கொல்லணும்னு நான் நெனச்ச ஞாபகம் இல்ல. ஆனா அழாதவ எதையும் செஞ்சிருப்பா. நான் இங்கயே இருந்துட்டுப் போறேன்."

எடெல்மிரா இதை மனசுக்குள் படித்தாள். வாய்விட்டுப் படித்தது வேறு. உடம்பு கொஞ்சம் சரியில்லை, கையெழுத்து அடுத்த மாதம் போடுகிறேன், கவலைப்படாதே என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

சாந்தோஸ் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? ரெண்டு பக்கம் எழுதியிருக்காளே."

"மிச்சமெல்லாம் விசாரிப்பு," என்றாள் எடெல்மிரா.

சாந்தோஸ் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கொழுக்கட்டையை வைத்துவிட்டுப் போனாள். படிக்கத் தெரியாதவளை, அவள் மகள் எழுதின காகிதத்தை வைத்தே ஏமாற்றியாயிற்று. இதற்குக் கீழே இறங்க இடம் இல்லை என்று எடெல்மிராவுக்குத் தோன்றியது. அந்தப் பெண் பதினோரு வருஷமாகச் சிறையில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தன்னைத் தாயே இல்லை என்று நம்பிக்கொண்டு இருப்பது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நம்பிக்கையை ஊட்டினதும் இவள்தான்.

ருஃபினோ வந்து கொழுக்கட்டையைப் பிரித்தபோது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டின், ஊசி, போன், கடிதம். அவன் கொழுக்கட்டையை மென்று முடித்தான்.

"ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு," என்றான் கடைசியில். "பதினோரு வருஷம் வாய மூடிட்டு இருந்தவளுக்கு ரெண்டு வருஷம் மூட முடியாதா?"

"முடியும். அதான் பயமா இருக்கு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் தலைநகருக்குப் போய், இவோனின் அலுவலகத்தில், படி ஏறின மூச்சு அடங்குவதற்குள் சொல்லி முடித்தாள். இவோன் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடி, இதில் உங்களுக்கு வேலை போகும், பொய்ச் சாட்சி என்று உங்கள் மேல் வழக்கும் வரலாம், தெரியும்தானே என்று கேட்டாள். தெரியும் என்றாள் எடெல்மிரா. மனுவில் நோயெமி கையெழுத்துப் போட்டாள், ஆனால் எடெல்மிரா என்ன சொல்லப்போகிறாள் என்று அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. அந்த நர்ஸே மறுபடி பேச வருகிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

விசாரணை ஐந்து மாதம் கழித்து வந்தது. இந்தத் தடவை சாந்தோஸை உள்ளே விட்டார்கள். முதல் வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடெல்மிரா உள்ளே வந்ததும் தைரியம் சொல்வது மாதிரித் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை எடெல்மிரா சாகிற வரை மறக்க மாட்டாள். நோயெமி இரண்டு காவலர்களுக்கு நடுவில் இருந்தாள். முப்பது வயதில் முன்தலை நரைத்திருந்தது.

எடெல்மிரா முதலில் போனைச் சொன்னாள். நான்தான் போட்டேன் என்றாள். முதல் வரிசையில் கூடை நகர்ந்த சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் டின்னைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள், மருந்தின் பேரையும் அளவையும் சொன்னாள். அந்த அளவுக்கு யாராக இருந்தாலும் இரண்டு மணி நேரம் கல்லாகத்தான் கிடப்பார்கள், அவ்வளவு ரத்தமும் போயிருந்தால் அன்றைக்கு நடந்தது ஞாபகத்திலும் நிற்காது என்றாள்.

இவோன் கேட்டாள், "அவ படுற பாட்டப் பாத்துப் பாவப்பட்டுப் போட்டீங்க, இல்லையா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லித்தான் அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். எடெல்மிராவும் பதினோரு வருஷம் தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"இல்ல. சத்தம் தாங்கல. டாக்டர் கத்தினாரு. அவ வாய அடைக்கணும்னுதான் போட்டேன். தலையத் தடவினது அதுக்கப்புறம்."

அரசு வக்கீல் எழுந்து, இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை, இப்போது யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

"மொதல்ல பயம்," என்றாள். "அது ரெண்டு மூணு வருஷத்துல போயிருச்சு. அப்புறம் வெக்கம். அது போகல."

அதன் பிறகு அவளுக்கு வேலை போனது. வழக்கும் வந்தது, இன்னும் நடக்கிறது. வார்டில் இருந்த மற்ற நர்சுகள் காட்டிக் கொடுத்தவள் என்று இவளோடு பேச்சை நிறுத்தினார்கள். டின்னையும் எடுத்துவிட்டார்கள், அதனால் யார் யார் செத்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. வியாழக்கிழமைகளில் சாந்தோஸ் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம், நீதிபதிகள் நோயெமியைக் குற்றமற்றவள் என்று சொல்லவில்லை, அனுபவித்த தண்டனை போதும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவர்கள் கௌரவம் அவர்களுக்கு. காகிதம் தட்டச்சாகி வரும்வரை எல்லாரும் வராந்தாவில் நின்றார்கள்.

எடெல்மிரா தூணுக்குப் பின்னால் நின்றாள். யார் கண்ணிலும் படாமல் படி இறங்கிவிட நினைத்தாள். விலங்கைக் கழற்றிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நோயெமி அவளைத் தேடி வந்தாள். பின்னாலேயே சாந்தோஸும் வந்து, இரண்டடி தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அடிப்பாள் என்று எடெல்மிரா எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

நோயெமி அவளைத் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"நான் எவ்வளவு நேரம் அழுதேன்?"

எடெல்மிராவுக்கு நேரம் எப்போதும் தெரியும். அதுதானே அவள் வேலை. "ரெண்டு மணிக்கு உன்ன எறக்கினாங்க. ரெண்டே முக்காலுக்கு ஊசி போட்டேன். அது வரைக்கும் அழுத."

"விடாமயா?"

"விடாம."

"என்ன சொல்லி அழுதேன்?"

எடெல்மிராவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புள்ளையத் தூக்கிட்டு வாங்கன்னு. துணி இல்லாமக் கெடக்கு, அதுக்குக் குளிரும்னு."

நோயெமி அதை ஒருதரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள்:

"நான் அழுதிருக்கேன்மா."